63 பேர் இருக்கும் குரூப்பில் ஒருவர்கூட 'போதும்' என்று சொல்லவில்லை

கேள்வி: மேடம், நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஈரோட்டுப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் செமினார் எடுத்தபோது 'டிட்டர்மின்' என்று சொல்ல வேண்டியதை 'டிட்டர்மைன்' என்று சொல்லிவிட்டேன். யாரோ அதை வீடியோ எடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். மறுநாளே கண் பாதி மூடிய என் முகம் ஸ்டிக்கராகிவிட்டது. இப்போது என் பெயரே 'மைன்'. பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதும் காலேஜ் கன்ஃபெஷன் பேஜில் '7.5 கேஸ்' என்று என்னைப் பற்றிப் பதிவு வருகிறது. இரண்டு வாரம் முன்பு என் போட்டோவை வைத்து இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி, வகுப்புப் பெண்களுக்கு ரிக்வஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். குரூப்பில் 63 பேர். ஸ்டிக்கர் போடுவது ஐந்தாறு பேர்தான். ஆனால் ஒருவர்கூட நிறுத்து என்று சொல்லவில்லை. என் ரூம்மேட்டே ஒருமுறை அதைப் போட்டான். அடுத்த நாள் நான் சாப்பிடப் போகவில்லை என்று தெரிந்து மெஸ்ஸிலிருந்து தோசை வாங்கி வந்து மேஜையில் வைத்தான், ஒன்றும் பேசவில்லை. இரவு மூன்று மணி வரை புதிதாக ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் எழ முடியவில்லை. அட்டெண்டன்ஸ் 68க்கு வந்துவிட்டது. கேட்டால் 'சும்மா ஜாலிக்குத்தானே, நீ ரொம்ப சென்சிட்டிவ்' என்கிறார்கள். சில நேரம் எங்கேயாவது காணாமல் போய்விடலாம் என்று தோன்றுகிறது. அந்த பேஜை நடத்துகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுடைய பர்சனல் சாட் ஸ்கிரீன்ஷாட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுவிடவா? இல்லை, காலேஜை விட்டுவிடவா? நான்தான் பலவீனமானவனா?

(அடையாளம் தெரியாமல் இருக்கக் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

தம்பி,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'காணாமல் போய்விடலாம்' என்றால் என்ன? பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவதா, உயிரோடு இருக்க வேண்டாம் என்பதா? இரண்டாவது என்றால், மேற்கொண்டு படிக்காமல் இப்போதே 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. அப்படிப்பட்ட இரவில் அறையில் தனியாக இருக்காதீர்கள். ரூம்மேட்டை எழுப்பி 'கொஞ்ச நேரம் பேசிட்டு இருடா' என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாவைப் பற்றி இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கத்தான் செய்யும்.

சரி, இப்போது பலவீனம்.

நானும் தமிழ் மீடியம்தான். கல்லூரியில் முதல் வாரம் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொண்டபோது, எனக்குப் பிடித்த பாடம் 'பிசைகாலஜி' என்றேன். அந்த 'பி'யை உச்சரிக்கக் கூடாது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் 'என்ன, மாவு பிசையப் போறியா?' என்று ஓட்டினார்கள். அழுதேன். ஆனால் நாலரை மணி பஸ்ஸில் ஏறியதும் அந்தச் சிரிப்பு கல்லூரி வாசலிலேயே இறங்கிக்கொண்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் இன்னொருத்தி எதையோ உளற, எல்லாரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் தப்பித்தேன்.

உங்களுக்கு அந்த நாலரை மணி பஸ் இல்லை. சிரிப்பு ஹாஸ்டலுக்குக் கூடவே வருகிறது, தலையணைக்கு அடியில் படுத்துக்கொள்கிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் பாக்கெட்டில் வருகிறது. ஆகஸ்டில் ஒரு விநாடி நடந்த ஒன்று, ஸ்டிக்கர் விழும் ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் புதிதாக நடக்கிறது. என்னைவிட நீங்கள் மெல்லிய ஆள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எனக்கு விழுந்த அடி இரண்டு, உங்களுக்கு விழுந்தது இருநூறு.

2003இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர், திரையில் இன்னும் இரண்டு பேருடன் பந்து வீசி விளையாடுவார். கொஞ்ச நேரத்தில் அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். இவருக்குப் பந்து வராது. அவ்வளவுதான் சோதனை. அந்த இருவர் நிஜ மனிதர்கள்கூட இல்லை, கணினி நிரல். ஆனாலும் உடம்பில் வலிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளில் ஒன்று அப்போதும் வேலை செய்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த வேறொரு ஆய்வில், எதிரே ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்போதும் விளையாடியவர்களுக்கு மனசு சுருங்கிப்போனது. முகமே இல்லாத நிரல் பந்து வீசாததற்கே இந்தப் பாடு என்றால், தினமும் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் வீசாமல் இருந்தால்?

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வரி, பேஜைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'ஒருவர்கூட' என்ற இடத்தில்தான் பேனாவை அழுத்தியிருக்கிறீர்கள். போட்ட ஐந்தாறு பேரைவிடப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள்தான் உங்களை அதிகம் நோகடித்திருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தை 'எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறது' என்று நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறீர்கள். இந்த மொழிபெயர்ப்பு தப்பு என்பது என் கணிப்பு. ஏனென்றால் நான் மாணவர்களைப் பார்க்கும் ஆலோசகர், அப்படிப் பேசாமல் இருந்தவர்களும் என் அறைக்கு வருகிறார்கள். 'நான் ஏதாவது சொன்னா அடுத்த ஸ்டிக்கர் நானா இருப்பேன்னு பயம் மேடம்' என்பதைப் பல குரல்களில் கேட்டுவிட்டேன். பாதிப் பேர் குரூப்பை மியூட்டில் போட்டு வைத்திருப்பார்கள், என்ன நடக்கிறதென்றே கவனித்திருக்க மாட்டார்கள். உங்களுக்கோ அந்தக் குரூப்தான் இப்போது உலகம். அவர்களுக்கு அது முந்நூறு மெசேஜ் தேங்கிக் கிடக்கும் இன்னொரு குரூப்.

'ஜாலிக்குத்தானே' என்பதற்கு வருகிறேன். கலாய்ப்பது நம் கல்லூரிகளில் பாசத்தின் ஒரு வடிவம்தான், அதை நான் மறுக்கவில்லை. கேலியே இல்லாத ஹாஸ்டல் ஜெயில் மாதிரி இருக்கும். ஆனால் நார்வேயில் வேலை செய்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர், வாழ்நாளெல்லாம் இதையே ஆராய்ந்தவர், கொடுமைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: நோகடிக்கும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, பாதிக்கப்பட்டவர் சமமாகத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலை. நான் மாணவர்களிடம் இன்னும் எளிதாகக் கேட்பேன். நீ அவனை அதேபோல ஓட்ட முடியுமா? 'போதும்' என்றால் நிற்கிறதா? உங்கள் விஷயத்தில் இரண்டுக்குமே இல்லை. அதோடு '7.5 கேஸ்' என்பது உச்சரிப்பைப் பற்றிய கேலியே கிடையாது. நீ இங்கே உட்காரத் தகுதியில்லாதவன் என்று சொல்கிற வேலை அது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த இடம் 2021இல் சட்டம் போட்டுக் கொடுத்தது, யாரும் இரக்கப்பட்டு ஓரமாக உட்காரவிட்டது இல்லை. இதைச் சொன்னால் மனசு உடனே ஆறிவிடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அடுத்து, அந்த மூன்று மணிப் பழக்கம். இதை நீங்கள் எளிதாக நினைக்கிறீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாக ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி வருகிறது, அந்த ஒரு நிமிடத்துக்காக மூளை மறுபடி பார்க்கச் சொல்கிறது. இருந்துவிட்டாலோ தூக்கம் போச்சு. தூக்கம் போனால் அடுத்த நாள் சின்னப் பார்வைகூடக் குத்தலாகத் தெரியும். வகுப்பில் யாரோ எதற்கோ சிரித்தால் நம்மைப் பார்த்துத்தான் என்று படும். நான் பார்க்கும் மாணவர்களில் கேலியைவிட இந்தக் காவல் வேலையால் இளைத்தவர்கள் அதிகம். 'பார்க்காதே' என்று சொன்னால் உங்களால் முடியாது. அதனால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரூம்மேட்டிடம் கொடுங்கள். அந்தத் தோசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. பையன் தப்புச் செய்தான், தப்பு என்று அவனுக்கே தெரிந்தது, மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, தோசை வாங்கி வந்தான். நம் ஊர் ஆம்பளைப் பையன்கள் மன்னிப்புக் கேட்கும் விதமே அதுதான். அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள். நீளமாக வேண்டாம். 'அந்த ஸ்டிக்கர் எனக்கு ஜாலியா இல்லடா. ராத்திரி தூங்க முடியல' என்று இரண்டு வரி. அப்புறம் இரண்டு உதவி கேளுங்கள். ஒன்று, இனி வருவதையெல்லாம் அவன் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். தேதி, நேரம், கணக்கின் பெயர், லிங்க் எல்லாம் தெரிய வேண்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்தால் நல்லது. நீங்கள் குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் அவன் மேஜையில் சார்ஜ் ஏறட்டும். இன்னொன்று, அடுத்த முறை ஸ்டிக்கர் விழும்போது குரூப்பில் அவன் ஒரு வார்த்தை போடட்டும். 'போதும்டா.' அவ்வளவுதான்.

ஒரு வார்த்தையால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துக் கவனித்த ஒரு ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் வதைக்கும்போது சக பிள்ளை குறுக்கே வந்த சந்தர்ப்பங்களில், பாதிக்கும் மேல் பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. அது பள்ளி, இது வாட்ஸ்அப், அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாறு பேரும் ஸ்டிக்கர் போடுவது உங்களுக்காக இல்லை, மற்றவர்களின் சிரிப்புக்காக. அங்கே ஒரு முகம் சுளித்தால் வேலைக்கு ஆகாது என்று அவர்களுக்குப் புரியும். நிற்காமலும் போகலாம். போனாலும் 'ஒருவர்கூட' என்று நீங்கள் எழுதிய அந்தக் கணக்கு ஒன்றாகிவிடுகிறதே, அது உங்களுக்கு வேலை செய்யும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் போடவா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவனுடைய அந்தரங்கத்தை வெளியிட்ட நிமிடத்திலிருந்து புகார் உங்கள் மேல் வரும். நீங்கள் சேர்த்து வைத்த ஆதாரம் எல்லாம் 'ரெண்டு பேரும் மாறி மாறிப் போட்டுக்கிட்டாங்க சார்' என்று ஒரே வரியில் அடிபட்டுப்போகும். கோபப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது, அதைப் புகாராக எழுதுங்கள்.

எங்கே எழுதுவது? ராகிங் என்றால் சீனியர் ஜூனியரை அடிப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலைசெய்யப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்த நினைவு நமக்கு ஆழமாகப் பதிந்திருப்பதால் ரத்தம் வந்தால்தான் ராகிங் என்று ஆகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2009இல் கொண்டுவந்த விதிகளை 2016இல் திருத்தி, முதலாம் ஆண்டு மாணவரோ வேறு யாரோ, ஒருவரை அவருடைய சாதி, தோற்றம், மொழி அடையாளம், பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி போன்ற காரணங்களுக்காக மனரீதியாக வதைப்பதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங் என்று சேர்த்தது. உங்கள் வகுப்புத் தோழர்கள் செய்வது இதற்குள் வரும் என்றுதான் நான் படிக்கிறேன். மாணவர்களைத் தொந்தரவு செய்யும் வாட்ஸ்அப் குரூப்களையும் ராகிங்காகவே பார்க்க வேண்டும் என்று 2025இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். கல்லூரியில் ராகிங் எதிர்ப்புக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். நேராகத் துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) போகத் தயக்கமாக இருந்தால், நீங்கள் நம்புகிற ஒரு ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தாலும் சரி. புகாரை எழுத்தில் கொடுத்து, கொடுத்த நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். 'பாத்துக்கலாம் தம்பி, பெருசாக்காத' என்று அனுப்பிவிட்டால் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் எதிர்ப்பு எண்ணுக்கு அழையுங்கள். மேலே இருந்து கேட்கும்போது கல்லூரிகளுக்குச் சட்டென்று காது கேட்கும்.

போலிக் கணக்கு மட்டும் வேறு தரம். உங்களைக் கேலி செய்யும் ஒரு பதிவு குற்றமா இல்லையா என்று வாதம் செய்ய இடமிருக்கிறது. மனம் நோகும்படி எழுதினாலே கைது செய்ய முடிந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அது சரியான தீர்ப்பும்கூட. ஆனால் உங்கள் முகத்தை மாட்டிக்கொண்டு நீங்கள் என்று நடிப்பதில் அந்த மயக்கம் எதற்கு? இன்ஸ்டாகிராமில் அந்தக் கணக்கைத் திறந்து ரிப்போர்ட் செய்யும்போது, 'வேறொருவர்போல் நடிக்கிறார்' என்ற காரணத்தையும் 'அது நான்தான்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் விதியில் சொன்ன குறுகிய கெடுவுக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து அங்கும் பதிவு செய்யுங்கள். 1930 எண் பண மோசடிக்கு அதிகம் பேர் அழைக்கும் எண் என்றாலும் வழி கேட்கலாம். கணக்கு மறைவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்றா என்று இன்னொருமுறை பாருங்கள். ரிக்வஸ்ட் போன பெண்களில் ஒருவரிடமாவது 'அது நான் இல்லை, புகார் செய்திருக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். அவர்களிடம் சொல்லாமல் இருப்பதுதான் உங்களை வகுப்புக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் மார்பிங் (முகத்தை வேறு படத்தில் ஒட்டுவது), அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டல். அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இரண்டு: மிரட்டுகிறவனுக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் நிற்காது. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவையில், படத்தை யாரிடமும் காட்டாமல் உங்கள் போனிலேயே அதற்கு ஓர் எண் முத்திரை உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்கக் கேட்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

தம்பி, கல்லூரியை விடுவது பற்றி. சில மாணவர்களிடம் 'விட்டுவிடு, உன் உயிரைவிட டிகிரி பெரிதில்லை' என்று நானே சொல்லியிருக்கிறேன். அதனால் இது நடக்கவே கூடாத விஷயம் என்று நான் பேசப்போவதில்லை. ஆனால் இரவு மூன்று மணிக்கு, பட்டினியோடு, தூக்கம் கெட்ட மூளை எடுக்கும் முடிவு அது. ஆறு வாரம் தள்ளி வைத்துவிட்டு, தூங்கிச் சாப்பிட்ட மூளையிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அட்டெண்டன்ஸ் 68 என்றீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி என்றால் 75 வேண்டும், ஆனால் 65க்குக் கீழே போகாதவரை மருத்துவச் சான்றிதழோடு விலக்குக் கேட்க வழி இருக்கிறது. அதற்கும் சேர்த்தே சொல்கிறேன், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் படிப்பில் கவனமும் ஒன்றாகக் கெட்டிருந்தால் அது மனச்சோர்வா என்று சோதிக்க வேண்டும். நான் ஆலோசகர்தான், மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கினால் பார்த்துவிடலாம். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் கல்லூரிக்குச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. உங்களை நீங்களே ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொள்ளும் நிலை என்றால் மட்டும் வீட்டில் ஒருவரிடம் பேசுவார்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அப்பா தறி ஓட்டுகிறார் என்பதைத் தவிர. 'கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறோம், நீ என்னடான்னா போனைப் பாத்து அழற' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம். சொல்லவும் செய்வார்கள், முதல் பத்து நிமிடம். அக்காவோ சித்தப்பாவோ, வீட்டில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பேசுகிற ஆள் ஒருவர் இருப்பார். அவரிடம் தொடங்குங்கள். வீடியோவைக் காட்ட வேண்டாம். தூங்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து சொன்னால் எந்த வீட்டிலும் காது கொடுப்பார்கள்.

மெஸ். நாளைக்கே கூட்டத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி உட்காருங்கள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். மூடுவதற்குக் கால்மணி நேரம் முன்பு, பாதி மேஜை காலியாக இருக்கும்போது, ரூம்மேட்டோடு போங்கள். இதயம் படபடக்கும், கை வியர்க்கும், அப்படியே இருக்கட்டும். படபடப்பு இறங்கத் தொடங்கும்வரை எழாதீர்கள், அதுதான் முக்கியம். நான்கு நாள் இப்படி. அப்புறம் அரை மணி முன்னால். யாராவது 'டேய் மைன்' என்றால் திரும்ப வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் திரும்புங்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். புகார் என்ன ஆனது, அட்டெண்டன்ஸ் எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், இது மூன்றும் வேண்டும். மெஸ்ஸில் ராத்திரி என்ன போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.